பிரேமா அக்கா கட்டிய சுவர்

தையல் மெஷின் ஊசியால் சுவரில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கிறார் பிரேமா அக்கா. சுவரின் உயரம் ஒரு சாண்கூட இல்லை. மேலே பொம்மை ரயில் ஓடும் பாதை, கீழே பொம்மை உப்பளம். பாதையின் மண் சரியாமல் தாங்குவது இந்தச் சுவர்தான். "மழத்தண்ணி வடியணும்லா? ஓட்ட இல்லாட்டா சுவரு பொளந்துரும்" என்கிறார். வீட்டு மாடி அறைக்குள் எப்படி மழை பெய்யும் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

தூத்துக்குடியில் நான் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பது இவரிடம்தான். கல்யாணத்துக்குக் கொடுத்தால் வளைகாப்புக்குக் கிடைக்கும். கேட்டுப் போனால், "இந்தா, வண்டிய மட்டும் பாத்துட்டுப் போ" என்று மாடிக்கு இழுத்துப் போவார். பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்ட மேசை. அசல் தேரிக்காட்டுச் செம்மண். பச்சை நூலைப் பிரித்து ஒட்டிய உடைமுள் மரங்கள். ரயில்மேல் ஏன் இத்தனை ஆசை என்றால், "ஆசைக்கு என்னத்துக்குக் காரணம்?" என்பார்.

கணவர் காசிலிங்கம் கட்டட கான்ட்ராக்டர். அக்கா எதைக் கட்டிக் காட்டினாலும், "பொம்ம நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். "ஒரு நாளாச்சும் அவுக வாயால இத சுவருன்னு சொல்லணும்." அக்காவுக்கு வேறு வேண்டுதல் கிடையாது.

போன மாதம் இந்தச் சுவரை முதல்முறை கட்டியபோது கேன் தண்ணீர் வரவில்லை. அக்காவுக்குப் பொறுக்கவில்லை. போர் தண்ணீரிலேயே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைக் கரைத்து ஊற்றி, கல் கல்லாகக் கீறி, வண்ணமும் அடித்துவிட்டார். எங்கள் ஊர்ப் போர் தண்ணீரை உப்புக்கு வாயில் வைக்க முடியாது. சில நாளில் சுவரின் அடியெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்து, வண்ணம் பொரிந்து உதிர்ந்தது. ஜாக்கெட் கேட்டுப் போன நான் பார்த்தது, கையில் சுத்தியலோடு நின்ற அக்காவை. "எல்லாம் போச்சு. ஒடச்சிப் போடுதேன்." கண் கலங்கியிருந்தது.

அந்த நேரம் பார்த்து சார்ஜர் தேடிக்கொண்டு மேலே வந்தார் காசிலிங்கம். சுவரைப் பார்த்தார். குனிந்தார். கட்டைவிரல் நகத்தால் உப்பைச் சுரண்டினார். சைட்டில் வருகிற கோபம் அப்படியே வந்துவிட்டது.

"ஏளா, எந்தக் கொத்தன் கட்டுன சுவரு இது? போர் தண்ணில கலவ போட்டிருக்கானே!"

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் சிரிப்பை அடக்க முடியாமல் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா சுத்தியலைக் கீழே வைத்தார். மேசையோரம் கிடந்த துணியை உதறி எடுத்து, தலையில் கொத்தனார் முண்டாசு கட்டிக்கொண்டு, கான்ட்ராக்டர் முன்னால் போய் நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

அது என் ஜாக்கெட் துணி.