மதியம் ஒரு மணி லைன் டெஸ்ட்

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் ஆவணி மாதத்திலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வீட்டில் பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டு வாய் அள்ளி வைப்பேன். ஆபீசில் அதுவும் இல்லை. காலையில் கட்டிக்கொண்டு போன டிபன் பாக்ஸ் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். வீட்டுக்காரருக்குத் தெரியக் கூடாது என்று வேப்பமரத்தடியில் கொட்டிவிட்டுக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். அந்த நாலு மாதமும் என் கைச் சமையலைக் குறை சொல்லாமல் சாப்பிட்டவை காக்காய்கள்தான்.

வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வரும் உங்களுக்கு என்னைத் தெரியும். பின்வரிசையில் உட்கார்ந்து சுருதி பிசகிப் பாடுகிற சிவகாமி நான்தான். மற்றவர்கள் எழுந்து தங்கள் அனுபவத்தைச் சொல்லும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டே இருந்திருக்கிறேன். இந்த முறை எழுதிக் கொடுத்தால் போதும் என்றார்கள். வாயால் சொன்னால் பாதியில் நின்றுபோவேன் என்பதால் எழுதுகிறேன்.

அம்பாசமுத்திரத்துக்கு அருகே ஒரு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். இப்போது மூலைக்கு மூலை எஸ்.டி.டி. பூத் வந்துவிட்டது. அப்போது வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் எங்களிடம்தான் பதிய வேண்டும். நம்பரை ஒரு சீட்டில் எழுதி அடுக்கி வைப்போம். லைன் கிடைத்ததும் மேலே இருக்கும் சீட்டை எடுத்து, போர்டில் கார்டு என்கிற இணைப்பு ஒயரைச் சொருகி, இரண்டு பேரையும் இணைப்போம். உயிர் போகிற காரியம் என்றால் லைட்னிங் கால். அந்தச் சீட்டு எப்போதும் மற்ற எல்லாச் சீட்டுக்கும் மேலே இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் சொல்லிக் கொடுக்கும் பாடம் இது.

அந்த ஆவணியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு, ஒரு டாக்டரின் கிளினிக்கிலிருந்து ஓர் அம்மா பேசினார்கள். வீட்டுக்காரர் கட்டிலில் கிடக்கிறார், டாக்டர் கையை விரித்துவிட்டார், மகன் பம்பாயில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். "அவன் வந்து சேர முடியாதுன்னு தெரியும்மா. ஒரு தடவ அவன் குரலக் கேட்டாப் போதும்ங்காவ" என்றார்கள். லைட்னிங் கால் சீட்டு எழுதினேன்.

பம்பாய் லைன் மதுரை வழியாக வர வேண்டும். அன்றைக்கு வரவே இல்லை. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளினிக்கைக் கூப்பிட்டு, "வந்துரும்மா, பக்கத்துலேயே இருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று மணி நேரம் போனது. ஒரு மணிக்கு எனக்குச் சாப்பாட்டு நேரம். எழுந்திருக்கும்போது ஒரு பஞ்சு வியாபாரி பம்பாய்க்குச் சாதாரண கால் பதிந்தார். எழுதி அடுக்கின் மேலே வைத்துவிட்டு எழுந்து போனேன். லைட்னிங் சீட்டுக்கு மேலே.

எனக்குப் பதிலாக சூப்பர்வைசர் பொன்னையா அண்ணாச்சி போர்டில் உட்கார்ந்தார். ஐந்தாவது நிமிஷம் பம்பாய் கிடைத்தது. அவர் மேலே இருந்த சீட்டை எடுத்தார்.

அன்றைக்கு என் டிபன் பாக்ஸில் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு. நன்றாக அமைந்திருந்தது. இருபது நிமிஷம் ருசித்துச் சாப்பிட்டேன்.

திரும்பி வந்து பார்த்துப் பதறிப்போய், மறுபடி லைன் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. இணைத்தேன். லைன் தெளிவாக இருக்கிறதா என்று நாங்கள் கொஞ்ச நேரம் காதில் வைத்திருப்போம். மகன் சொன்னது, "அம்மா, அப்பாகிட்ட குடு." அந்த அம்மா சொன்னது, "கொஞ்சம் முந்தி வந்திருக்கப்பிடாதாலே... இப்பதாம்லே போனாவ."

கார்டைப் பிடுங்கக் கூட எனக்குக் கை வரவில்லை.

அதற்குப் பிறகு ஹெட்செட்டை மாட்டினாலே அந்தக் குரல்தான். 'அம்மா, அப்பாகிட்ட குடு.' யார் எந்த ஊர் கேட்டாலும் எனக்கு அதுதான் கேட்கும். 'நம்பர் சொல்லுங்க' என்ற இரண்டு வார்த்தை தொண்டையை விட்டு வராது. கழிப்பறையில் போய் உட்கார்ந்து குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். ஆற்றுப் பாலத்தில் பஸ் போகும்போது தண்ணீரையே பார்த்துக்கொண்டு வருவேன். அதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம்.

வீட்டுக்காரர் நல்ல மனுஷர், பள்ளிக்கூட வாத்தியார். எனக்கு ஏதோ பயந்த கோளாறு என்று நினைத்து, தெரிந்தவர் சொன்ன இடத்துக்கெல்லாம் கூட்டிப் போய்க் கயிறு மந்திரித்துக் கட்டினார். கார்த்திகை வருவதற்குள் என் கையில் மூன்று கயிறு. ஆபீசில், அரசாங்க வேலை கிடைத்த கொழுப்பு என்று ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். நடந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணாச்சியும் அந்த நாளைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் ஒரு நொடி லைன் வீணானாலும் எரிந்து விழுகிறவர். இப்போது என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். வெறுக்கிறார் என்று நினைத்தேன்.

கார்த்திகையில் ஒரு வெள்ளிக்கிழமை பாபநாசம் போனேன். உலகம்மை சன்னதிக்கு முன்னால் உரலில் பெண்கள் மஞ்சள் இடிப்பது உங்களுக்குத் தெரியும். நானும் ஒரு கை மஞ்சளைப் போட்டு இடித்தேன். இடிக்க இடிக்க அழுகை வந்தது. சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டே கேட்டேன். "அம்மா, அந்தப் பையன் குரல எனக்கு இன்னொரு தடவ கேக்க வையி. அவன் என்ன ஏசட்டும். மன்னிக்க வேண்டாம். ஆனா அந்த ஒரு வார்த்தையத் தவிர வேற ஏதாவது அவன் சொல்லி நான் கேக்கணும். அது வரைக்கும் என்னை ஆத்துப் பக்கம் விடாத."

இதைத் தவிர எனக்கு வேறு எந்த ஆசையும் அப்போது இல்லை. அவ்வளவு ஏக்கம். பெற்ற பிள்ளைகளின் குரலைக் கூட நான் அப்படித் தேடியதில்லை.

மறுவாரமே பொன்னையா அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். காப்பி கொடுத்தேன். என்னைப் பார்க்காமல் என் வீட்டுக்காரரிடமே பேசினார். "சார், இது கயித்துக்குக் கேக்காது. பாளையங்கோட்டையில ஒரு டாக்டர் இருக்காரு. என் தங்கச்சிய அங்கதான் காட்டுனோம். இப்ப அவ நல்லா இருக்கா. வெளிய சொல்லிக்கிடுததில்ல, அவ்வளவுதான்." வீட்டுக்காரர் விழித்தார். மனசுக்கு டாக்டரா என்று கேட்க வாயெடுத்தவர், அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டார்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். அம்மை கொடுத்த திருநீறு மாதிரி நினைத்து விழுங்கினேன். கயிறுகளையும் அவிழ்க்கவில்லை.

மூன்று வாரம் லீவு முடிந்து போனபோது அண்ணாச்சி என்னைப் போர்டில் உட்காரச் சொல்லவில்லை. "நீ சீட்ட அடுக்கு. மதியம் ஒரு மணிக்கு மட்டும் மதுரையக் கூப்புட்டு லைன் டெஸ்ட் பண்ணு. வேற ஒண்ணும் பேசாண்டாம்" என்றார்.

ஒரு மணிக்கு ஹெட்செட்டை மாட்டினேன். மதுரையில் ராஜேஸ்வரி அக்கா. பத்து வருஷமாகக் குரல் பழக்கம், முகம் பார்த்ததில்லை. "மதுரை, லைன் கேக்குதா?" என்றேன். அதைச் சொல்லவே எனக்கு வியர்த்தது.

"நல்லாக் கேக்குது தாயி. சாப்ட்டியா?"

"ஆச்சுக்கா" என்று சொல்லிக் கார்டைப் பிடுங்கிவிட்டேன்.

மறுநாளும் அதே கேள்வி. அதே பதில். மூன்றாம் நாள் அக்கா விடவில்லை. "என்னா சாப்ட்ட?"

பொய் சொல்லலாம்தான். ஆனால் எனக்கு நாக்கில் ஒரு குழம்பின் பெயரும் வரவில்லை. வெண்டைக்காய்தான் வந்து நின்றது. "சாப்பிடலக்கா" என்றேன்.

"நானும் சாப்பிடல. கார்டைப் பிடுங்காத. டப்பாவ எடு. நானும் எடுக்கேன்."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் மும்முரமாக ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். டிபன் பாக்ஸைத் திறந்தேன். அந்தப் பக்கம் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. அப்பளம் நொறுங்குவது கேட்டது. தண்ணீர் குடிப்பது கேட்டது. ஒரு வாய் எடுத்து வைத்தேன். விழுங்க முடியாமல் வாயிலேயே வைத்திருந்தேன். "மென்னு முழுங்கு, நான் இருக்கேன்" என்றார்கள். அன்றைக்கு நாலு வாய் உள்ளே போயிற்று.

தினமும் இப்படித்தான். வெளியூருக்குப் பேசும் ஒரு டிரங்க் லைனைப் பத்து நிமிஷம் இரண்டு பெண்கள் சாப்பிடுவதற்குப் பிடித்து வைத்திருந்தோம். நொடிக்கு நொடி கணக்குப் பார்க்கிற அண்ணாச்சி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராஜேஸ்வரி அக்காவுக்கு வார லீவு என்றால் வேறு ஒரு குரல் வரும். "அக்கா சொல்லிட்டுப் போயிருக்காங்க. சாப்ட்டீங்களா?"

பங்குனியில் ஒரு நாள், லைன் சரிபார்ப்பதை டெக்னீஷியன் காலை ஆறு மணிக்கே முடித்துவிடுகிறார் என்பது எனக்குத் தற்செயலாகத் தெரிந்தது. ஒரு மணி டெஸ்ட் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மதுரை அக்காவிடம் கேட்டேன். சிரித்தார்கள். "இம்புட்டு நாளாத் தெரியாதா? ஒங்க சூப்பர்வைசர்தான் போனப் போட்டு, நடந்ததச் சொல்லிக் கெஞ்சுனாரு. அந்த மனுசன் கெஞ்சி நான் கேட்டதே இல்ல."

நேரே அவர் மேஜைக்குப் போய் நின்றேன். "ஏன் அண்ணாச்சி இப்படிச் செய்தீக?"

அவர் பேனாவை மூடினார். "அன்னைக்கு அந்தப் போர்டுல உக்காந்திருந்தது நான்தானம்மா. மேல இருந்த சீட்டுக்கு அடியில என்ன இருக்குன்னு புரட்டிப் பாத்திருக்கணும். பாக்கல. நீ ஒடஞ்சிபோன, எல்லாருக்கும் தெரிஞ்சிது. நான் மொகத்தத் திருப்பிக்கிட்டே சமாளிச்சிட்டேன்." அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான். அன்று முதல் ஒரு மணிக்கு அவரும் தன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார ஆரம்பித்தார்.

ஆனி மாதத்தில் போர்டில் உட்கார்ந்தேன். வேலை வந்துவிட்டது, பசியும் வந்துவிட்டது. ஆனாலும் அம்மையிடம் நான் கேட்டது அதுவல்லவே. பம்பாய் லைன் கிடைக்கும்போதெல்லாம் அந்தக் குரலா, அந்தக் குரலா என்று காது அலையும். எத்தனையோ குரல்கள் வந்தன, அது வரவில்லை. வீட்டில் விளக்கேற்றும்போது, 'மறந்துட்டியா தாயே' என்று கேட்பேன்.

அடுத்த ஆவணி பிறந்து ஒரு வாரம் இருக்கும். எக்ஸ்சேஞ்சின் முன்பக்கக் கவுண்டரில் யாரோ பம்பாய்க்குக் கால் பதிந்துகொண்டிருந்தார்கள். "தலைத் திவசம்லா, மகன்கிட்ட நாள் சொல்லணும்." போர்டில் இருந்த நான் சொருகப்போன கார்டைக் கீழே வைத்தேன். முகத்தை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. குரல் போதும், நான் ஆபரேட்டர்.

எழுந்து வெளியே போனேன். வெள்ளைச் சேலை கட்டி, துணிப்பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். "அம்மா..." என்றேன்.

அவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "இன்னொரு தடவ பேசு. நீ அந்தப் பிள்ளல்லா? 'வந்துரும்மா, பக்கத்துலேயே இருங்க'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே?"

காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். சீட்டை, பஞ்சு வியாபாரியை, புளிக்குழம்பை. இருபது நிமிஷம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். ஏசுங்கள் என்று கேட்டேன்.

அந்த அம்மா துணிப்பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் முகம் சிவந்ததையும் பார்த்தேன். இல்லை என்று சொல்ல மாட்டேன். பிறகு மெதுவாக, "அவுக மகன் குரலுக்காகக் காத்துக்கிட்டுக் கெடந்தது நெசந்தான். அது எனக்கு இன்னைக்கும் ஆறல. ஆனா நீ சாப்பிடாம எப்படிம்மா அந்த வேலையப் பாப்ப?" என்றார்கள். என் தலையில் கை வைத்தார்கள். "போ. லைனப் பிடி. இன்னைக்காவது சட்டுன்னு குடு."

அந்தச் சீட்டை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். சாதாரண காலைத்தான் பதிந்திருந்தார்கள். சட்டப்படி தப்புதான். அண்ணாச்சி பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மதுரையைக் கூப்பிட்டு, "அக்கா, அந்தப் பம்பாய்" என்றேன். நாலே நிமிஷம்.

"பேசுங்க" என்று இணைத்தேன். லைன் தெளிவாக இருக்கிறதா என்று காதில் வைத்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். என் அம்மை உலகம்மை சாட்சியாக எழுதுகிறேன், அதே குரல். அவன் சொன்ன முதல் வார்த்தை:

"அம்மா, சாப்ட்டியா?"

ஹெட்செட்டைக் கழற்றிவிட்டேன். மற்றது அவர்கள் பேச்சு, எனக்கு உரியது இல்லை.

அதன் பிறகு அந்தப் பழைய வார்த்தை என் காதில் கேட்கவில்லை. மாத்திரையை டாக்டர் சொன்ன காலம் வரை சாப்பிட்டு நிறுத்தினேன். போர்டையும் இப்போது எடுத்துவிட்டார்கள். நான் கவுண்டரில் இருக்கிறேன். புதிதாக வந்தவர்களில் யாராவது டிபன் பாக்ஸைத் திறக்காமல் வைத்திருந்தால் என் கண் தானாக அங்கே போகிறது. என் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துகொள்கிறேன். அண்ணாச்சி ஓய்வு பெற்றுப் போகும்போது என்னிடம் ஒப்படைத்த வேலை என்றே அதை வைத்திருக்கிறேன்.

இதைப் படிக்கிறவர்களில் ஆற்றுப் பாலத்தில் கீழே பார்த்துக்கொண்டே வருகிறவர்கள் யாரும் இருந்தால், உங்களுக்குத்தான் சொல்கிறேன். அம்மையிடம் வாய்விட்டுக் கேளுங்கள், கேட்டது வர ஒன்பது மாதம் ஆனாலும் கேளுங்கள். டாக்டரிடம் போங்கள், வெட்கப்படாதீர்கள். வெள்ளிக்கிழமை வழிபாடு முடிந்ததும் நான் பிரகாரத்துத் தூணருகில்தான் இருப்பேன். இரண்டு பேருக்குப் போதுமான புளியோதரை கொண்டு வருகிறேன். பேச வேண்டாம், வந்து பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.