பச்சை பெயிண்ட் அடித்த டின்கள்

மரியபுஷ்பம் டீச்சருக்கு எதையும் வீணாக்கப் பிடிக்காது. கரும்பலகைக்குக் கீழே விழும் சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி வைப்பார். ஒருபக்கம் எழுதிய தாளைக் கண்டால் மறுபக்கத்தில் எழுத ஆள் தேடுவார். சேர்வராயன் மலையில் நாகலூர்ப் பக்கம் இருந்த எங்கள் பள்ளியில் அவர் அறிவியல் ஆசிரியை, நான் தமிழாசிரியன். எண்பத்தாறில் அவர் சுற்றுச்சூழல் மன்றம் தொடங்கியபோது ஆசிரியர் அறையில் ஒரே கேலி. மலை முழுக்க மரம் இருக்கிறது, மரம் நட ஒரு மன்றமா என்றார்கள். லாரி லாரியாக மரம் கீழே இறங்குவது அந்த மகானுபாவர்கள் கண்ணில் படவில்லை போலும்.

மன்றத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது டின் வேலைதான். காப்பிச் செடியின் தண்டைத் துளைக்கும் வண்டுக்கு எஸ்டேட்டில் மருந்தடிப்பார்கள். காலி டின்கள் ஓடையோரம் குவிந்து கிடந்தன. டீச்சர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடம் கேட்டு அவற்றை எடுத்துவந்தார். பிள்ளைகளை விட்டுச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கம்பியில் கைப்பிடி மாட்டி, பச்சை பெயிண்ட் அடித்து, நட்ட கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்ற வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தார். டின் மேலிருந்த மண்டையோட்டுப் படம் பெயிண்டுக்குள் மறைந்துபோனது.

ஆறு மாத வேலையைச் சரிபார்க்கும் கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நடந்தது. மாவட்டப் பரிசுக்காக அடுத்த வாரம் அதிகாரிகள் பார்வையிட வருவதாக இருந்ததால், தலைமையாசிரியர் பெரியநாயகமும் வந்து உட்கார்ந்திருந்தார். முதலில் எல்லாரும் ராசாத்திக்காக மௌனமாக எழுந்து நின்றோம். ஏழாம் வகுப்பு. மன்றத்தில் துறுதுறுவென்று இருந்த பிள்ளை, முந்தின மாதம் வலிப்பு வந்து இறந்துபோனது. பிறகு எந்தக் கன்று பிழைத்தது, எதை ஆடு தின்றது என்று பேச்சு போனது. அடுத்த வேலை ஏரிக்கரைக் குப்பையா, மஞ்சக்குட்டைச் சாலைக்கு நிழல் மரமா என்று பிள்ளைகள் கட்சி கட்டினார்கள்.

"டின்னெல்லாம் எப்படி இருக்குது கண்ணு?" என்று டீச்சர் கேட்டார்.

எட்டாம் வகுப்பு வெள்ளையம்மாள் எழுந்தாள். "நொம்ப நல்லா இருக்குதுங்க டீச்சர். ராசாத்தி அதுலதான் தண்ணி குடிப்பா. பள்ளிக்கூடத்துல குடுத்ததுன்னு வேற யாரையும் தொட உடமாட்டா. அதே மாதிரி எங்கம்மாவும் போன வாரத்துல இருந்து எங்க டின்னுல குடிதண்ணி வெச்சிருக்குது. தம்பிதான் சும்மா சும்மா வாந்தி எடுக்கறான்."

டீச்சருக்குப் புரிந்துவிட்டது. தலைமையாசிரியருக்கும்தான். அவர் டீச்சரையும் என்னையும் வெளியே அழைத்துப்போய், "வலிப்புக்கு ஆயிரம் காரணம் இருக்கும். அதிகாரிங்க வந்துட்டுப் போகட்டும், அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"இன்னைக்கும் அதுலதானே சார் குடிப்பாங்க?"

எனக்குத் தலைமையாசிரியரை ஓங்கி அறையலாம் போல இருந்தது. டீச்சர் உள்ளே வந்து பிள்ளைகளிடம் சொன்னார். "ஏரியும் வேண்டாம், ரோடும் வேண்டாம். யாரும் அந்த டின்னுல குடிக்கக்கூடாது. எல்லாத்தையும் திருப்பி வாங்கறதுதான் இனி நம்ம வேலை. இப்பவே கிளம்புங்க."

பிள்ளைகள் ஓடினார்கள். நாங்கள் முதலில் வெள்ளையம்மாள் வீட்டுக்குப் போய், தம்பியை எஸ்டேட் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வீடு வீடாக டின்களை வாங்கிக் கடப்பாரையால் ஓட்டை போட்டோம். நல்ல டின்னை இப்படிப் பாழாக்குகிறாரே என்று சிலர் திட்டினார்கள். டீச்சர் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ராசாத்தியின் அம்மா அத்தாயி அப்போதுதான் காப்பித் தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். சேர்வராயன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டதைச் செய்யாமல் விட்டதால்தான் சாமி பிள்ளையை எடுத்துக்கொண்டது என்று மாதம் முழுக்கத் தன்னையே நொந்துகொண்டிருந்தவள். பச்சை டின் அடுப்புப் பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்தது.

"சாமி குத்தம் இல்லீங்க அத்தாயி" என்றார் டீச்சர். "டின்னுல பூச்சிமருந்து ஒட்டியிருந்திருக்குது. நாந்தான் குடுத்தேன். எம்மேலதான் குத்தம்."

அத்தாயி ஏசுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் போய் அந்த டின்னைக் கையில் எடுத்தாள்.

"ஏனுங்க டீச்சர், வலிப்பு வந்தப்ப புள்ள தண்ணி தண்ணின்னுச்சுங்க. அதுக்குப் புடிச்சதாச்சேன்னு அந்த டின்னுலயேதானுங்க மொண்டு மொண்டு ஊத்துனேன். அப்ப, நானுங்களா?"