ஜாடிமேல் கட்டிய வேட்டி

அறுபதுகளின் நடுவில் என் உத்தியோகம் தூசி பிடிப்பது. கேட்பவர்களிடம் ‘சுகாதார ஆராய்ச்சி’ என்று கம்பீரமாகச் சொல்லிக்கொள்வேன். என் அண்ணா மட்டும் மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், “எங்காத்துல ஒருத்தி பி.எஸ்ஸி. படிச்சுட்டு ஊர்க் குப்பையைத் தராசுல நிறுத்துண்டிருக்கா” என்று என் மானத்தை வாங்குவான். பொய்யென்று சண்டை போடவும் முடியாது. நான் நிறுத்தது குப்பையைத்தான்.

பம்பாயில் பல மொட்டைமாடிகளில் எங்கள் ஆய்வுக்கூடம் வாயகன்ற கண்ணாடி ஜாடிகளை வைத்திருந்தது. ஜாடியில் சுத்தமான தண்ணீர், பாசி பிடிக்காமலிருக்கத் துளி மயில்துத்தம், காக்கை வந்து உட்காராமலிருக்க மேலே ஒரு கம்பி வளையம். அவ்வளவுதான் கருவி. ஒரு மாதம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். பிறகு நான் பஸ்ஸில் போய் அதை மடியில் வைத்துக்கொண்டு வருவேன். தண்ணீரைச் சுண்டவைத்து, அடியில் தங்கியதை நிறுத்தால், அந்தப் பேட்டையில் எவ்வளவு தூசி விழுகிறது என்று தெரிந்துவிடும். தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று அப்போது நான் கேட்டுக்கொண்டதில்லை. வயது அப்படி.

என் அக்கா செம்பூரில் இருந்தாள். அத்திம்பேர் அங்கே ஒரு தொழிற்சாலையில் கணக்கு குமாஸ்தா. கம்பெனி குவார்ட்டர்ஸில் மூன்றாவது மாடி வீடு, இரண்டு அறை, சொந்தக் குழாய். மாட்டுங்காவில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்த உறவுக்காரர்கள் எல்லோரும் அந்த வீட்டைப் பார்த்து வயிறெரிந்தார்கள். சமையலறை ஜன்னலைத் திறந்தால் புகைபோக்கிகள் தெரியும். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் உலர்த்திய துணியைத் திரும்பத் தோய்க்க வேண்டும்.

அக்காவுக்கு ஒரே பெண். மூன்று வயது. அவளுக்கு இழுப்பு. கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவாள். தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கும். வாய் திறந்திருக்கும், அழுகை வராது. அழுவதற்கும் மூச்சு வேண்டுமே. கம்பெனி டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரை கொடுத்து, வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லியிருந்தார். வளர்கிற வரைக்கும் எப்படி மூச்சு விடுவது என்பதை அவர் சொல்லவில்லை.

“ஊரெல்லாம் ஜாடி வெக்கறியே, எங்க மாடியில ஒண்ணு வையேண்டி” என்று அக்காதான் கேட்டாள். எவ்வளவு விழுகிறது என்று ஆராய்ச்சிக்காரர்களே சொல்லிவிட்டால், கம்பெனி தங்களுக்குப் புகை வராத பக்கமாக வேறு வீடு கொடுக்கும் என்பது அவள் நம்பிக்கை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அத்திம்பேர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, “ஜாடியை வெச்சுக்கோ. என் பேர் எங்கேயும் வரப்படாது” என்றார்.

மாசி மாதம் ஜாடியை வைத்துவிட்டு, ஒரு மாதம் கழித்து எடுக்கப் போனேன். மாடியில் வரிசையாக மூன்று ஜாடிகள். முதலாவது நார்த்தங்காய், இரண்டாவது எலுமிச்சங்காய், மூன்றாவது ஆராய்ச்சி. மூன்றின் வாயிலும் துணி போட்டு, கழுத்தைச் சுற்றிச் சணல் கட்டியிருந்தது.

“என்ன அக்கா இது?”

“மூடாம வெச்சுட்டுப் போயிட்டியேடி! ரெண்டு நாள்ல கரி மிதக்க ஆரம்பிச்சுடுத்து. ஒங்க ஆராய்ச்சி டாக்டர் ஒன்னைத் திட்டப்போறாரேன்னு எல்லாத்தையும் கொட்டி, ஜாடியைப் பளிச்சுனு தேச்சு, கொதிக்கவெச்சு ஆறின ஜலம் ரொப்பி, ஒங்க அத்திம்பேரோட பழைய வேஷ்டியைக் கிழிச்சு நனைச்சுக் கட்டியிருக்கேன். தெனமும் தெளிச்சுத் தெளிச்சு ஈரமா வெச்சிண்டேன். பாரு, ஒரு பொட்டு தூசி இருக்கா?”

இல்லைதான். அந்த மாதம் செம்பூரிலேயே பரிசுத்தமான தண்ணீர் அந்த ஜாடியில்தான் இருந்தது. நான் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். விஷயத்தை விளக்கிச் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது.

“அப்போ இந்த மாசம் வீணா?”

“வீண்தான்.”

கீழே வீட்டிலிருந்து குழந்தை இருமுவது கேட்டது. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆய்வுக்கூடத்து டாக்டர் மராட்டியர். சதா மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறவர். கதையைக் கேட்டு அவரும் சிரித்தார். ஆனால் நான் குப்பையில் போடப்போன துணியைக் கையில் வாங்கிக்கொண்டார். அது வேட்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அடுப்புக்கரி துடைத்த துணிபோல இருந்தது. அதை அலசச் சொன்னார். அலசிய தண்ணீரைச் சுண்டவைத்து நிறுத்தோம். பக்கத்துப் பேட்டை ஜாடிகளில் விழுந்ததற்குக் குறைவில்லாமல் இந்தத் துணியே பிடித்து வைத்திருந்தது. ஈரத் துணி இவ்வளவு பிடிக்குமானால் ஜன்னலில் கட்டினால் என்ன என்று அவர் கேட்டார். அன்று மத்தியானம் நாங்கள் யாரும் சாப்பிடவில்லை. மரச்சட்டம் ஒன்று, அதில் இரண்டு மடிப்பாகப் பழைய வேட்டி, துணியின் அடி நுனி முழுகும்படி ஒரு தகரத் தட்டில் தண்ணீர். துணி தானே நீரை உறிஞ்சி ஈரமாக இருந்துகொள்ளும். எந்த வீட்டிலும் செய்துகொள்ளலாம்.

இரண்டு இடங்களில் சோதித்துப் பார்ப்பதென்று தீர்மானமாயிற்று. ஒன்று அக்கா வீடு. இன்னொன்று தாராவியில், குயவர் சூளைகளுக்குப் பக்கத்தில் ஒரு திருநெல்வேலிக் குடும்பம். சட்டத்தைத் தூக்கிக்கொண்டு நான் அந்த வாசலில் போய் நின்றபோது, அந்த வீட்டு அம்மா இடுப்பில் கைவைத்து என்னையும் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏ தாயீ, இந்த வீட்டுல ஜன்னலு எங்கன இருக்கு? இருக்கது ஒத்த வாசலு. அதுல இதக் கட்டிட்டா நாங்க எப்படி உள்ள போவ?”

சட்டத்தைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். ஜன்னல் என்று ஒன்று எல்லா வீட்டிலும் இருக்கும் என்று நாங்கள் பாட்டுக்கு முடிவு செய்திருந்தோம். ஆக, சோதனைக்கு மிஞ்சியது அக்கா வீடு மட்டும்தான்.

அங்கே அது வேலை செய்தது. வெயில் காலம். காற்று வறண்டு கிடந்தது. துணி காலையில் வெள்ளையாக இருக்கும், சாயங்காலம் பழுப்பேறிவிடும். அக்கா அதை அவிழ்த்துத் தோய்த்து வேறொன்று கட்டுவாள். சித்திரை முழுக்கக் குழந்தைக்கு ஒரு தடவைகூட இழுக்கவில்லை. மத்தியானங்களில் மல்லாந்து படுத்துத் தூங்கினாள். அவள் மல்லாந்து தூங்கி நான் பார்த்ததே இல்லை. அத்திம்பேர் ஆபீஸிலிருந்து வந்ததும் சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் தட்டில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சட்டத்தை அளவெடுத்துக்கொண்டு போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது, உலகத்தில் ஒரு கஷ்டத்தைக் குறைத்துவிட்டவள்போல நடந்தேன்.

பிறகு மழை வந்தது.

பம்பாய் மழையில் கைக்குட்டையே காயாது, ஈரத்திலேயே நிற்கிற வேட்டி எங்கே காயும்? முதலில் துணியில் கறுப்புப் புள்ளிகள் வந்தன. அப்புறம் சட்டத்தில். அப்புறம் ஜன்னலையொட்டிய சுவரில். அறை முழுக்கப் பூசண வாடை. மழை நாளில் புகை மேலே எழும்பாமல் குடியிருப்பின் தலையிலேயே கவிந்து கிடந்தது. தொண்டையைக் கரிக்கும் ஏதோ ஒரு வாயு துணியைச் சட்டை செய்யாமல் உள்ளே வந்தது. துணி தூசியைத்தான் பிடிக்கும். அது எங்களுக்கு முன்பே தெரியும். தெரிந்ததனால் ஒன்றும் ஆகவில்லை.

குழந்தைக்கு முன்னைவிட மோசமாக இழுத்தது. தட்டிலிருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வெறும் துணியாகக் கட்டினோம். டாக்டர் ஏதேதோ கரைசலில் நனைத்துக் கொடுத்தார். அக்கா வேப்பிலை போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் அலசினாள். கடைசியில் ஜன்னலையே சாத்திப் பார்த்தோம். ஒரு மத்தியானம் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அறையில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அவளுடைய விலா என் உள்ளங்கைக்கு அடியில் குழிந்தது. என் படிப்பு, தராசு, ஜாடி எதனாலும் அவளுக்கு ஒரு மூச்சு வாங்கித் தர முடியவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அத்திம்பேர்மேல் எரிந்து விழுந்தேன்.

“வேற வேலை தேடிக்கப்படாதா நீங்கோ?”

“வேலையை விட்டா வீட்டையும் விடணும். மாட்டுங்காவில வாடகைக்கு மேல பகடின்னு பெரிய முன்பணம் கேக்கறான். நான் எங்கே போவேன், சொல்லு” என்றார். குரலை உயர்த்தவில்லை. அவர் பதிலுக்குக் கத்தியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

சயான் ஆஸ்பத்திரி டாக்டர் குழந்தையைப் பார்த்துவிட்டு, முதலில் இடத்தை மாற்றுங்கள் என்றார். பெற்றவர்களை மாற்ற முடியாது, வீட்டையும் மாற்ற முடியாது. குழந்தையைத்தான் மாற்ற முடிந்தது. ஆவணியில் அவளை மாட்டுங்காவுக்குக் கொண்டுவந்துவிட்டோம்.

எங்கள் வீட்டில் அண்ணா, மன்னி, நான், மூன்றே பேர். மன்னிக்குக் குழந்தை இல்லை. வந்த குழந்தையை அவள் தரையில் விடவில்லை. நவராத்திரிக்குள் இழுப்பு நின்றுவிட்டது. எங்கள் வீட்டுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவில் ஒரு பஸ் பயணம்தான். இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று ஆய்வுக்கூடத்து டாக்டரிடம் போய்ச் சொன்னேன். ஒரு குழந்தையை வைத்து எதையும் எழுத முடியாது என்றார் அவர். அவர் சொன்னது சரி. சரியாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. எங்கள் அறிக்கை வருஷக் கடைசியில் மேலே போயிற்று. மேலே என்றால் எந்த மாடி என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள். முதல் ஞாயிற்றுக்கிழமையே மன்னி அவளைக் கூடத்தில் நிறுத்தினாள்.

“நேரா குளிச்சுட்டு, பொடவையை மாத்திண்டு அப்புறமா தூக்கு. ஒன்னைச் சொல்லலை. துணியோட வர அந்தப் பொடியைச் சொல்றேன்.”

மன்னி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. துணியில் தூசி தங்கும் என்று வீட்டில் பேசிப் பேசி அவள் காதில் போட்டவளே நான்தான். அக்கா நேராகக் குளியலறைக்குப் போனாள். குளித்தாள். மாற்றுப்புடவை ஒன்றை எங்கள் வீட்டுக் கொடியிலேயே விட்டுவைத்தாள். நாளடைவில் குழந்தையும் கற்றுக்கொண்டது. அக்கா படியேறி வந்தால் தூணுக்குப் பின்னால் நின்று, “குளிச்சாச்சா?” என்று கேட்கும். அக்கா சிரித்துக்கொண்டே குளியலறைக்குப் போவாள்.

தீபாவளி கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணாவும் மன்னியும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். மாடித் தொட்டியில் ரிப்பேர் என்று குழாயில் காற்றுதான் வந்தது. குடிக்கப் பிடித்துவைத்த ஒரு குடத்தைத் தவிர வீட்டில் தண்ணீர் இல்லை. அக்கா குளியலறையை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

“பரவால்லே அக்கா, ஒரு நாள்தானே, தூக்கிக்கோ” என்றேன்.

குழந்தை இரண்டடி பின்னால் நகர்ந்து சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டது. “வேண்டாம். இழுக்கும்” என்றது.

அக்கா அப்படியே கூடத்துச் சுவரோரம் உட்கார்ந்தாள். “வேண்டாம்டி. நான் இங்கேயே உக்காந்துக்கறேன்” என்றாள். பஸ் ஸ்டாண்டில் ஒரு தகரப் பீப்பீ வாங்கிவந்திருந்தாள். அதைப் பையிலிருந்து எடுத்து, குழந்தைப் பக்கமாக நீட்டப் போனவள், என் பக்கமாகத் திரும்பி என் கையில் கொடுத்தாள். நான் குடத்துத் தண்ணீரில் அதை அலம்பிக் குழந்தையிடம் கொடுத்தேன்.

குழந்தை ஊதினாள். தெருவுக்கே கேட்கும்படி, மூச்சு அறுபடாமல் நீளமாக ஊதினாள்.

“எவ்வளவு நீளமா ஊதறா, கேட்டியா?” என்றாள் அக்கா. அவள் கைகள் இரண்டும் மடியில் கிடந்தன. “எனக்காக இன்னொரு தரம் ஊதச் சொல்லுடி.”

நான் சொன்னேன். அவள் மறுபடியும் ஊதினாள்.