திருடன் அழிக்காத குரல்

என் தம்பி ஆன்றோவின் குரலை அழித்தவள் நான்தான். திருடன் அல்ல... நான்!

அம்மாவுக்கு இது தெரியாது. வளைகுடாவில் இருக்கும் என் கணவருக்கும் தெரியாது. பாவசங்கீர்த்தனத்துக்குப் போகும்போதெல்லாம் பிள்ளையை அடித்தேன், பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் புறம் பேசினேன் என்று சில்லறைப் பாவங்களைக் கொட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். இதை மட்டும் சொல்ல நாக்கு எழவில்லை. முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன்.

ஆழ்கடலுக்குப் போகிற எங்கள் ஊர் ஆண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கரை மறைந்து சிக்னல் அறுந்துபோவதற்கு முன் வீட்டுக்கு ஒரு முறை அழைப்பார்கள். அடுப்பில் கிடப்பது கருகினாலும் பெண்கள் ஓடிப்போய் எடுப்பார்கள். எவ்வளவு பெரிய சண்டையாக இருந்தாலும் அந்த அழைப்பை எடுக்காமல் விடுவதில்லை.

நான் எடுக்கவில்லை.

என் மகனின் ஞானஸ்நானத்துக்கு ஆன்றோதான் ஞானத்தகப்பனாக நிற்க வேண்டும். படகு முதலாளி காத்திருக்க மாட்டார் என்று அதற்கு முன்பே கிளம்பிவிட்டான். அந்தக் கோபம் எனக்கு. போன் அடித்தது, பெயரைப் பார்த்தேன், துண்டித்தேன். கிடக்கட்டும், திரும்பி வந்து கெஞ்சட்டும் என்ற வீம்பு!

அவன் வரவில்லை. படகு கவிழ்ந்து, சிலர் நீந்திப் பிழைத்தார்கள். ஆன்றோவின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

அன்று மீன் விற்கப் போயிருந்த அம்மாவுக்குச் சந்தை இரைச்சலில் அவன் அழைத்தது கேட்கவில்லை. அதனால் அவளுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தான். "அம்மா, ரேஞ்சு போகப்போவுது. நேரத்துக்குச் சோறு தின்னு. முட்டு வலிக்குத் தைலம் போடு. அக்காவ விளிச்சேன், எடுக்கல்ல. எனக்க மேல கோவம் போல. வந்து சமாதானம் பண்ணுதேன்னு சொல்லு. வச்சிருதேன் என்னா."

தினமும் மாலையில் ஜெபமாலை முடிந்ததும் அம்மா இதைப் போட்டுக் கேட்பாள். கேட்டுவிட்டுப் போனை முத்துவாள். அவளுக்கு அது மகன். எனக்கு...? "அக்காவ விளிச்சேன், எடுக்கல்ல." சாப்பிட உட்கார்ந்தால் அது, பிள்ளையைத் தூங்கவைத்தால் அது. அம்மா ஒரு நாளும் என்னைக் குற்றம் சொன்னதில்லை. அந்த வரியில் என் குற்றம் இருப்பதாகவே அவளுக்குத் தோன்றியதில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும்.

"மக்கா, இத உனக்க போன்லயும் ஏத்தி வச்சிரு, கேட்டியா?" என்று எத்தனையோ முறை கேட்டாள். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். என் கைக்குள்ளும் அந்தக் குரல் வந்து உட்கார்ந்துவிடுமே என்ற பயம்!

பிறகு ஒரு நாள் குலசேகரத்தில் பேருந்தை விட்டு இறங்கி, மீன் கடவப் பெட்டியைத் தலையில் தூக்கிவைக்கிற நெரிசலில் அம்மாவின் போனை எவனோ எடுத்துவிட்டான். மீனை அப்படியே போட்டுவிட்டு அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாள்.

"மக்கா, போன் போனா போவட்டும். அவனுக்க சத்தம் மட்டும் போகாம பாத்துக்கோ மக்கா..."

படித்தவள் நான் அல்லவா! என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். முதலில் அந்த எண்ணுக்கு அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. என் போனிலிருந்து அம்மாவின் கூகுள் கணக்கைத் திறந்தேன்; தொடங்கிக் கொடுத்ததே நான்தான். வரைபடத்தில் அவளுடைய போன் குலசேகரம் கடைத்தெருவில் உயிரோடு இருந்தது. கீழே வழிகள் காட்டியது. ஒலி எழுப்பலாம். பூட்டலாம். அழிக்கலாம்.

பூட்டியிருந்தால் போதும். அது எனக்கு அப்போதே தெரியும்.

அம்மாவின் படங்கள் இருக்கின்றன, வங்கிக் கணக்கு இருக்கிறது, எவனாவது தவறாகப் பயன்படுத்திவிட்டால்... என்று மனத்துக்குள் நியாயம் பேசினேன். எல்லாம் பசப்பு! அந்த ஒரு வரி இனிமேல் இந்த வீட்டில் கேட்கக்கூடாது. அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. அழித்தால் திரும்பக் கிடைக்காது என்று போன் எச்சரித்தது; வாட்ஸ்அப்புக்கு வேறு நகல் எதுவும் எடுத்துவைத்திருக்கவில்லை. வாசலில் அம்மா மாதாவை வேண்டிக்கொண்டிருந்தாள். அழுத்திவிட்டேன்.

அழுத்திய பின் வந்தது நிம்மதி! அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் மற்ற வேலைகளையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். சிம்மை முடக்கி, அதே எண்ணில் வேறு சிம் வாங்கினேன். வங்கிக்குச் சொன்னேன். போன் வாங்கிய அட்டைப்பெட்டியைத் தேடி எடுத்து, அதிலிருந்த ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். இப்போதெல்லாம் எங்கள் தெருவில் யாருடைய போன் தொலைந்தாலும் என்னிடம்தான் ஓடி வருகிறார்கள். கெட்டிக்காரி என்று பெயர் வேறு...

சில மாதங்கள் கழித்து நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. போன் கிடைத்துவிட்டது! அம்மா நல்ல சேலை உடுத்திக்கொண்டு கிளம்பினாள், மகனை அழைத்துவரப் போகிறவளைப் போல. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். நான் பேருந்தின் சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் ஒன்றுமில்லை. கடையில் வாங்கிய அன்று இருந்ததைப் போல வெறுமையாக இருந்தது. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, ஓரமாக நின்றிருந்த திருடனின் சட்டையைப் பிடித்தாள். ரப்பர் பால்வெட்டுக்குப் போகிற நடுவயதுக்காரன் அவன்.

"எனக்க பிள்ளைக்க சத்தத்த எதுக்குலே அழிச்ச? போன நீயே வச்சிருக்கலாமே! நீ நல்லாயிருப்பியா?"

"எடுத்தது நான்தான், அம்மா. இல்லேங்கல்ல," என்றான் அவன். "ஆனா அழிச்சது நான் இல்ல. அது தன்னால அழிஞ்சு போச்சு. எனக்க பிள்ளையள் மேல ஆண."

காவலர்கள் சிரித்தார்கள். அம்மா அவன் கன்னத்தில் அறைந்தாள். அவன் தலை குனிந்துகொண்டான். நான் அருகில்தான் நின்றேன். வாயைத் திறந்தேனா? இல்லை. அம்மாவின் தோளைப் பிடித்து, "வாங்கம்மா, போவோம்" என்றேன். அந்த அறை யாருக்கு விழ வேண்டியது என்று உங்களுக்குத் தெரியும்.

இப்போது ஜெபமாலை முடிந்ததும் அம்மா ஆன்றோ பேசியதைத் தன் வாயாலேயே சொல்லிப் பார்க்கிறாள். அவனைப் போலவே இழுத்து இழுத்து. முதலில் முழுவதும் சொன்னாள். பிறகு வார்த்தைகள் இடம் மாறின. சோறு முன்னே போயிற்று, தைலம் விட்டுப்போயிற்று. நான் எடுத்துக் கொடுத்தால் மறுபடி பிடித்துக்கொள்வாள்.

ஒரு வரியை மட்டும் அவளால் பிடிக்க முடியவில்லை.

"தைலம் போடுன்னான்... அதுக்குப் பொறவு உன்னப் பத்தி என்னமோ சொன்னானே மக்கா. என்னதுட்டி அது? உனக்கு ஓர்ம இருக்கா?"

எனக்கு மறக்குமா! அவன் மூச்சு வாங்கிய இடம், பின்னால் இரைந்த காற்று, எல்லாம் அப்படியே இருக்கிறது. எத்தனையோ தடவை சொல்லிவிட வாயெடுத்திருக்கிறேன்.

நேற்றும் கேட்டாள். நினைவில்லை அம்மா என்று நேற்றும் சொன்னேன்.