கிணற்றுக்கு ஒரு கூரை

கிள்ளானில் எங்கள் வரிசையில் வீட்டின் பின்பக்கம் கிணறு இருப்பது எனக்கு மட்டும்தான். என் கணவர் இறந்து, மகனும் அம்பாங்குக்குக் குடிபோன பிறகு அதை எட்டிப் பார்க்கக்கூட ஆள் இல்லை. ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாள்களில் அந்தக் கிணற்றுக்குத் தனி மவுசு. போன வருடம் நாலு நாள் தண்ணீர் கட். தெருவே வாளியோடு வந்து நின்றது. ஒரே பேச்சு, சிரிப்பு, கயிற்றுக்குச் சண்டை. நான் ஒரே நாளில் ஐந்து தடவை தேநீர் கலக்கினேன். மூன்றாம் நாள் பிடித்த பெரிய மழையில் எல்லோரும் வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். அந்த மழை மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, சொல்லி மாளாது.

அப்போதே முடிவு செய்தேன், கிணற்றுக்குக் கூரை போட்டுவிட வேண்டும். மழையோ வெயிலோ, வந்தவர்கள் நின்று பேச வேண்டும். கேட்டவர்களிடம் இலை விழுகிறது, குப்பை சேர்கிறது என்று சொன்னேன். உண்மை அதுவல்ல. எனக்கு மனிதக் குரல் வேண்டியிருந்தது.

வெல்டிங் வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டேன். சுற்றுவட்டாரத்துச் சின்னக் கோயில்களுக்கெல்லாம் கூரை போட்டவர்.

"பூச போடாம கெணத்துகிட்ட தூண் ஊன மாட்டேன் ஆன்டி. தண்ணி உள்ள எடம் லா," என்றார்.

சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் வெட்டி, முதல் தூணில் மஞ்சள் துணி கட்டினார். நாலு தூண், மேலே கூம்பாகத் தகரம். ஏதோ கோயில் வேலையில் மிஞ்சிய மஞ்சள் பெயிண்ட்டையும் அடித்துக் கொடுத்தார். அழகாகத்தான் இருந்தது. துணியை அவிழ்க்க எனக்கும் மனம் வரவில்லை.

இந்த வருடம் மறுபடியும் தண்ணீர் கட் என்றதும் எனக்கு ஒரே குஷி. நாற்காலிகளைப் போட்டேன், பெரிய பிளாஸ்கில் தேநீர் நிரப்பினேன். ஒருவரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. எல்லோரும் தெருமுனையில் தண்ணீர் லோரிக்கு வரிசை நின்றார்கள். வெட்கத்தை விட்டுப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் போய்க் கேட்டேன்.

"ஐயோ, சாமி கெணத்துல போயி வாளி விடறதா? நாங்க பாத்ரூமுக்கெல்லாம் ஊத்துவோம் ஆன்டி."

"சாமியெல்லாம் இல்லம்மா. வெறும் கூரைதான்."

"உங்களுக்கு நல்ல மனசு, அப்படித்தான் சொல்லுவீங்க," என்று சிரித்தாள்.

தெருவே கூடி முடிவு செய்ததை நான் ஒருத்தி எப்படி மாற்றுவது? வீட்டுக்கு வந்து கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று தூணிடம் போனேன். துணியைத் தொட்டதும் கை வரவில்லை. பயந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை அவளே வந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, மல்லிகைச் சரத்தைத் தூணில் சுற்றி, கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். நான் ஓடிப்போய் அடுப்பில் பால் வைத்தேன். கிணற்றிலிருந்து என் சமையலறைக் கதவு ஆறே அடி.

"உள்ள வாம்மா, டீ குடிச்சிட்டுப் போ."

"இன்னொரு நாளைக்கு ஆன்டி. சாமி கும்பிட்டா நேரா வீட்டுக்குத்தானே போகணும்? வழியில யார் வீட்டுக்கும் போகக்கூடாதுல்ல."

நானும் வாழ்நாளெல்லாம் அப்படி நடந்தவள்தான். சரிம்மா என்றேன்.