திறந்த இல்லத்துக்கு வந்த பூனை

பிள்ளைகளா, போன வாரம் சின்னவளுடைய லேப்டாப்பில் தள்ளுபடிக் கூப்பன் தேடித் தரும் எக்ஸ்டென்ஷன் ஒன்று, "உங்கள் பிரௌசரில் சேர்ந்துகொள்ளட்டுமா?" என்று கேட்டது. நான் குறுக்கே பாய்ந்து மூடியைச் சாத்தினேன். நீங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "அப்பாவுக்கு மவுஸைக் கண்டாலே பயம்" என்றான் பெரியவன். எனக்கு மவுஸிடம் பயமில்லை, ஐயா. பூனையிடம்தான் பயம்.

இது தொண்ணூறுகளின் கடைசியில் நடந்தது. அப்போது ஜெலுத்தோங் பிளாட்டில் இருந்தோம். பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோரில் எனக்கு வேலை, எப்போதும் இரவு ஷிப்ட். பெரியவன் பள்ளிக்குக் கிளம்பிய பிறகு நான் வீட்டுக்குள் நுழைவேன். அவன் திரும்பி வரும்போது நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். சின்னவள் கைக்குழந்தை. என்னைப் பார்த்தால் யாரோ விருந்தாளி தூக்க வந்ததுபோல அழுவாள்.

பகல் ஷிப்டில் ஓர் இடம் காலியாகப் போகிறது என்று பேச்சு அடிபட்டது. அதை யாருக்குக் கொடுப்பது என்பது எங்கள் மேனேஜர் கையில். தமிழர்தான், நல்ல மனுஷர்தான், ஆனாலும் அவர் முன்னால் போய்க் கேட்க எனக்கு வாய் எழவில்லை. அதனால் தெற்கே, வெகுதூரத்தில் இருக்கும் ஜொகூர் பக்கம் பகல் வேலை ஏதும் கிடைக்குமா என்று இன்டர்நெட்டில் சத்தமில்லாமல் தேட ஆரம்பித்தேன். இது மேனேஜர் காதுக்குப் போனால், "ஓடப் போறவனுக்கு எதுக்குப் பகல் ஷிப்ட்?" என்று என் பெயரை அடித்துவிடுவார். உங்கள் அம்மாவைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்ப்யூட்டர் பழசு. அதைப் பார்த்துக்கொண்டது கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் இருந்த உங்கள் மாமா. ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஃபெரி ஏறி வந்துவிடுவார், கையில் புதிதாக ஏதாவது ஒன்றோடு. "எல்லாம் ஃப்ரீ லா, மச்சான்!" என்பார். ஃப்ரீ என்ற சொல்லைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பக்திக் களை வந்துவிடும்.

அப்படி வந்ததுதான் பூனை. நீங்கள் இப்போது எக்ஸ்டென்ஷன் என்கிறீர்களே, அதற்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு டை கட்டிய ஒரு கார்ட்டூன் பூனை, பிரௌசரின் மேல்பட்டையில் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நாம் படிக்கும் பக்கத்தைத் தானும் படித்து, நமக்கு வேண்டியதை எடுத்துக் கொடுக்குமாம். உள்ளே வருவதற்கு முன்னால் ஒவ்வொன்றாக அனுமதி கேட்டது.

"என்னடா கேக்குது?" என்றேன். இங்கிலீஷ் நீளமாக இருந்தது.

"நீங்க பாக்குற பக்கத்தையெல்லாம் அதுவும் பாக்கலாமான்னு கேக்குது. சும்மா ஃபார்மாலிட்டி. யெஸ் போடுங்க."

"இது?"

"நீங்க டைப் பண்றத ஞாபகம் வச்சுக்கலாமான்னு. யெஸ் போடுங்க மச்சான்."

உங்கள் அம்மா தோளுக்குப் பின்னாலிருந்து, "பாவம், எவ்வளவு மரியாதையா கேக்குது. சரின்னு சொல்லுங்களேன்" என்றாள். வாசலில் வந்து நின்று ஒருவர் கேட்டால் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லி வளர்ந்தவர்களா நாங்கள்? கேட்டதற்கெல்லாம் யெஸ் போட்டேன். பூனை வந்து உட்கார்ந்துகொண்டது.

அடிக்கடி வாயைத் திறந்து திறந்து மூடும். எங்களிடம் ஸ்பீக்கர் இல்லை. கொட்டாவி விடுகிறது என்று நினைத்திருந்தேன்.

தீபாவளி வந்தது. அந்த வருஷம் நாங்களும் திறந்த இல்லம் வைத்தோம். கதவை அகலத் திறந்து வைத்தால் தெரிந்தவர், தெரியாதவர், மேல்மாடிச் சீனக் குடும்பம், பக்கத்து பிளாக் மலாய்க்கார அண்ணன் எல்லோரும் வருவார்கள். தொழிற்சாலையில் மேனேஜரையும் ஒரு வார்த்தைக்கு அழைத்திருந்தேன். வரமாட்டார் என்ற தைரியத்தில்தான். மனைவியோடு வந்து நின்றார்.

அன்று காலையில்தான் உங்கள் மாமா, பாட்டுப் போடுவதற்கென்று, அலமாரி அளவுக்கு இரண்டு ஸ்பீக்கர்களைக் கொண்டு வந்து கம்ப்யூட்டரில் மாட்டியிருந்தார்.

மேனேஜர் முறுக்கைக் கடித்துக்கொண்டே, "தம்பி, இன்டர்நெட் இருக்கா? நேத்து ஃபுட்பால் ஸ்கோர் பாக்கணும்" என்றார். இல்லை என்று சொல்லியிருக்கலாம். நமக்குத்தான் அந்தச் சொல் வராதே. போன் லைனை மாட்டினேன். மோடம் கத்தியது.

"ஏன் இப்படி அழுவுது?" என்றார் மேனேஜரின் மனைவி.

"கனெக்ட் ஆவுது அக்கா" என்றார் உங்கள் மாமா பெருமையாக.

பிரௌசர் திறந்தது. பூனை டையைச் சரிசெய்துகொண்டு கொட்டாவி விட்டது. அது கொட்டாவி இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. ஹால் முழுக்க அதிரும்படி இங்கிலீஷில் பேசியது: "மீண்டும் வருக, நண்பரே! ஜொகூரில் ஸ்டோர்கீப்பர் வேலைகள் புதிதாக வந்திருக்கின்றன. பார்க்கலாமா?"

உங்கள் அம்மா ஓடிவந்து சத்தத்தைக் குறைக்கத் திருகினாள். வேறு பக்கம் திருகிவிட்டாள்.

"ஜொகூரில் வாடகை வீடும் தேடித் தரட்டுமா?" என்று பூனை அடுத்த பிளாக்குக்கும் கேட்கும்படி கேட்டது.

மேனேஜர் கடிப்பதை நிறுத்தினார். "பூனை யாருக்குத் தம்பி வேலை தேடுது?"

நான் உங்கள் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைக் காப்பாற்றுகிறாராம்: "அது... அதுக்கேதான் தேடுது, சார்."

யாரும் சிரிக்கவில்லை. மேனேஜர் மிச்ச முறுக்கையும் மெதுவாகத் தின்று முடித்தார். கை கழுவினார். பெரியவன் கையில் காசு வைத்த அங்பாவ் உறையைக் கொடுத்தார். "நல்ல பூனை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். போகும்போது அவர் மனைவி மட்டும் கம்ப்யூட்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அப்போது எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

விடுமுறை முடிந்து, ஷிப்டுக்குப் போன மாலை, மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். பகல் ஷிப்ட் போச்சு, இருக்கிற வேலையும் போச்சு என்று நின்றேன்.

"தம்பி," என்றார் தாழ்ந்த குரலில், "அந்தப் பூனைய எப்படிக் கழட்டுறது?"

"சார்?"

"என் மக எங்க வீட்லயும் போட்டு வச்சிருக்கா. உங்க வீட்டுலேருந்து போன உடனே என் சம்சாரம், 'நம்ம பூனை என்ன சொல்லுதுன்னு பாப்போம்'னு உக்காந்துட்டா. ஃப்ரிட்ஜ் மாத்த காசில்லன்னு அவகிட்ட சொல்லி வச்சிருந்தேன். பூனை வாயத் தொறந்து, 'புது கோல்ஃப் மட்டை பாத்தீங்களே, விலை எறங்கியிருக்கு'ன்னு சொல்லிடுச்சு."

எனக்குச் சிரிப்பு முட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சிரிக்காத. நீ நெசமாவே ஜொகூர் போறியா?"

"பகல் ஷிப்ட் கெடச்சா போகமாட்டேன் சார். பிள்ளைங்க முழிச்சிருக்கிற முகத்தையே பாக்க முடியல."

"அத வாயத் தொறந்து கேக்க மாட்டியா? பூனை சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

பகல் ஷிப்ட் கிடைத்தது. அதற்குப் பூனைக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று உங்கள் மாமா இன்றும் வாதாடுகிறார். நான் ஒத்துக்கொள்வதில்லை. மேனேஜருக்குக் கோல்ஃப் ஆசை இல்லாமலிருந்தால் என் கதி என்ன? அதோடு, அந்த ஜொகூர் விண்ணப்பங்களில் என் அடையாள அட்டை எண், வீட்டு விலாசம், உங்கள் அம்மா பெயர் எல்லாவற்றையும் தட்டியிருக்கிறேன். பூனை பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டுதான் இருந்தது. அது யாரிடம் போய்ச் சொன்னது? ஸ்பீக்கரில் சொன்னது நமக்குக் கேட்டது. கேட்காமல் சொன்னது எவ்வளவு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாசலுக்கு வந்தவருக்குப் பலகாரம் கொடுக்கலாம், பிள்ளைகளா. படுக்கையறை பீரோச் சாவியைக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் கூப்பன்காரனும் முதலில் நல்லவனாகவே இருக்கலாம். நாளைக்கு அவன் கடையை வேறொருவனுக்கு விற்றால், உங்கள் சாவியும் சேர்ந்தே போகும்.

பகல் ஷிப்ட் தொடங்குவதற்கு முந்தின நாள் மத்தியானம். உங்களைக் கூட்டிக்கொண்டு அம்மா காய்கறி வாங்க பசார் போயிருந்தாள். மாமா எழுதிக் கொடுத்த வழிப்படி நானே உட்கார்ந்து பூனையைக் கழற்றினேன். அது விடவில்லை. டையை அவிழ்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "நிஜமாகவே நான் போக வேண்டுமா?" என்று கேட்டது. எவ்வளவு மரியாதை! என் விரல் கொஞ்சம் தயங்கியது, உண்மைதான்.

வீட்டுக்கு வந்தவரை நாம் யாரையும் போ என்று சொல்வதில்லை, போய்ட்டு வாங்க என்றுதான் சொல்வோம். வாசலில் யாரும் இல்லை என்று ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டேன். "போ" என்று சொல்லி, யெஸ் அமுக்கி, போன் ஒயரையும் சுவரிலிருந்து பிடுங்கி வைத்தேன்.