நிலாவுக்குப் பின்னால் ஒரு நீலத் திரை

பக்கத்து வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். என் அடுப்பில் சுக்குக் காப்பி கொதிக்கிறது. இரண்டு வாசனையும் ஜன்னலில் முட்டிக்கொண்டதும் நான் கொச்சி மட்டாஞ்சேரியில் இருக்கிறேன், எழுபதுகளின் கடைசியில், மாமாவின் சுக்குக் கிடங்குக்கு மேலே இருந்த எங்கள் மாடியில். அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள்.

மாமா, அம்மாவின் தம்பி, சுக்குத் தரகர். உலகத்தையே அவர் வெள்ளைச் சுக்கு, கறுத்த சுக்கு என்று இரண்டாகத்தான் பிரிப்பார். கறுத்ததைச் சுண்ணாம்புப் பாலில் முக்கிக் காயவைத்தால் வெள்ளை, கப்பலேறிவிடும். வாங்க வருகிறவர்களுக்கு அதைக் கருநீலக் காகிதத்தில் பரப்பித்தான் காட்டுவார். பின்னால் இருட்டு இருந்தால் முன்னால் இருப்பது இன்னும் வெளுத்துத் தெரியும். அது அவர் தொழில்.

அக்கா கறுப்பு. அதைச் சொல்லியே எத்தனையோ பேர் சொஜ்ஜி பஜ்ஜியைத் தின்றுவிட்டு இறங்கிப் போயிருந்தார்கள். இதுவும் தட்டிப்போனால் இனி வரன் தேடுவதில்லை என்று அம்மா சொல்லிவிட்டாள். ஆகவே மாமா களத்தில் இறங்கினார். ஜன்னல்களைச் சாத்தினார். கருநீலத் திரை ஒன்றைக் கட்டினார். கூரையின் கண்ணாடி ஓடு வழியாக வெயில் கயிறுபோல் இறங்கும் இடத்தில் நாற்காலியைப் போட்டார். மாமி அரை டப்பா பவுடரை அக்காவின் முகத்தில் கவிழ்த்தாள்.

"என்னை எந்தக் கப்பல்லே ஏத்தப் போறேள்?" என்று அக்கா கேட்டாள்.

வந்தவர் எர்ணாகுளத்தில் பௌதிக லெக்சரர். அவரும் கறுப்புதான், ஆணாக இருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

"பொண்ணு நிலா மாதிரி, பாத்தேளா?" என்றார் மாமா.

லெக்சரர் அக்காவைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அண்ணாந்து கண்ணாடி ஓட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"வாஸ்தவம். நிலாவும் கறுப்புதான். தார் ரோடு மாதிரி."

மாமாவின் முகம் சுருங்கியதைப் பொருட்படுத்தாமல் அவர் விளக்கினார். நிலாவுக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது; விழுகிற வெயிலில் பத்தில் ஒரு பங்கைத்தான் ஏதோ திருப்பித் தருகிறது. பின்னால் வானம் கன்னங்கரேல் என்று இருப்பதால் பாலாகத் தெரிகிறது. அடுக்களையிலிருந்து ஒரு கரித்துண்டு கேட்டு வாங்கினார். ஓட்டு வெயிலில், திரைக்கு முன் அதைப் பிடித்தார். கரி சாம்பல் வெள்ளையாக மின்னியது, சத்தியமாக நிலா. பிறகு மாமாவின் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் மாதிரிச் சுக்கை எடுத்துப் பக்கத்தில் நீட்டினார். கரி மறுபடியும் கரியாகிவிட்டது. சுக்கை ஆட்டிக்கொண்டே, வெள்ளிக் கிரகத்துக்கு மேகம்தான் சுண்ணாம்பு, நிலாவுக்கு அடிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றார்.

அப்படியானால் நிலாவை ஏற்றுமதிக்கு யாரும் எடுக்கமாட்டார்கள் என்று மாமா முணுமுணுத்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் பிள்ளை கரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறானே என்று, கூட வந்திருந்த லெக்சரரின் அம்மா தலையில் கை வைத்தாள்.

அப்போது, பேசக்கூடாத அக்கா பேசினாள்.

"வெயில் போயிடுத்துன்னா சுண்ணாம்பு அடிச்சதும் கறுப்புதானே?"

கேட்டு முடிக்கவில்லை, ஓட்டின்மேல் மேகம் வந்தது. கரி, சுக்கு, பவுடர், திரை, மாமா எல்லாம் ஒரே நிறமானது. அந்த இருட்டுக்குள்ளிருந்து லெக்சரர் சிரிப்பது கேட்டது.

வெயில் திரும்பியபோது அக்கா முந்தானையால் பாதி முகத்தைத் துடைத்திருந்தாள். ஒரு கன்னம் வெள்ளி, ஒரு கன்னம் நிலா. மாமி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம் என்று பிள்ளையின் அம்மா எழுந்தாள். ஊர் என்பது எர்ணாகுளம், காயலுக்கு அக்கரை. படகில் கடலை கொறித்து முடிப்பதற்குள் வந்துவிடும். அங்கிருந்து லெட்டர் என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குப் பாடம். அக்கா எழுந்து உள்ளே போனாள். மாமா திரையின் ஆணியைப் பிடுங்கத் தொடங்கினார். பாதிப் படி இறங்கிய லெக்சரர் திரும்பி ஏறி வந்தார்.

"கழட்டாதேங்கோ மாமா. கல்யாண ஃபோட்டோவுக்கு நானும் அதுக்கு முன்னாடிதான் நிக்கணும்."

"பவுடரும் அரை டப்பா மிச்சம் இருக்கு" என்றாள் அக்கா, உள்ளேயிருந்து.